ரங்கூனில் படுத்திருக்கும் புத்தர்: ஐயாவின் படத்தில் இருப்பது எது?

கொத்தமங்கலத்தான் | 3 ஜூன் 2025, இரவு 9.40

வணக்கம். ஒரு பழைய படத்தைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. நான் பர்மா போய் வந்த கதையும் கொஞ்சம் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைக்கு மேலே ஐயாவின் (என் தாத்தா) படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மொட்டைத் தலை, காதில் கடுக்கன், தோளில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. பின்னால் ஏதோ பெரிய சுவர் மாதிரி. "ரங்கூன்ல படுத்த சாமிக்கு முன்னால ஐயா எடுத்துக்கிட்ட படம்" என்று அப்பத்தா சொல்லிச் சொல்லி எங்களுக்கு அது மனப்பாடம். ஐயா ரங்கூன் முகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் மேலாளாக இருந்தவர். மூன்று வருஷத் தவணை இரண்டை முடித்து, மூன்றாவதில் இருந்தபோது 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். பெட்டியில் வந்தது இந்தப் படமும் சில சிட்டைகளும்தான்.

2019 ஜனவரியில் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு குழுவோடு போனேன். டூர்காரரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: படுத்த சாமியைக் காட்டுங்கள், அதே இடத்தில் நின்று நானும் ஒரு படம் எடுக்க வேண்டும்.

கூட்டிப் போன இடம் சௌக்தாஜி. கோபுரம், பிரகாரம் எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு போனேன். பார்த்தால் ஒரு பிரம்மாண்டமான இரும்புக் கொட்டகை, பெரிய நெல் மில்லுக்குள் நுழைகிற மாதிரி. செருப்பு மட்டும் இல்லை, காலுறையையும் வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள். உள்ளே போனதும் முதலில் சாமி தெரியவில்லை. பொன்னிறத் துணி மடிப்பு ஒன்று மலைச்சரிவு மாதிரி தெரிந்தது. அண்ணாந்தபடியே இடது பக்கமும் வலது பக்கமும் நடந்த பிறகுதான் இது கை, அது இடுப்பு என்று பிடிபட்டது. 66 மீட்டர் நீளம். முகம் வெள்ளை, உதடு சிவப்பு, இமைக்கு மேலே நீலப் பூச்சு. கண்கள் கண்ணாடி, ரங்கூனிலேயே நாகா கண்ணாடித் தொழிற்சாலையில் செய்தவை. ஒரு கண்ணின் அகலம் 1.77 மீட்டர். என்னைப் படுக்கப் போட்டால் அந்தக் கண்ணுக்குள் அடங்கிவிடுவேன்.

நான் அதிக நேரம் நின்றது காலடியில். இரண்டு உள்ளங்காலிலும் சிவப்புத் தரையில் பொன்னால் 108 குறிகள், ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலை மாதிரி கட்டம் கட்டமாக. அதற்கு நேர் கீழே ஒரு குடும்பம் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் விரட்டவில்லை. சாமியே படுத்திருக்கும்போது யாரை எழுப்புவது?

சுற்றிலும் கிழமைக்கு ஒரு சந்நிதி. பிறந்த கிழமை எதுவோ அங்கே போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். திங்களுக்குப் புலி, வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம். புதன்கிழமையை மட்டும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: காலையில் பிறந்தால் கொம்புள்ள யானை, மதியத்துக்கு மேல் பிறந்தால் கொம்பில்லாத யானை. அந்த இரண்டாவது ராகுவின் இடமாம். நான் புதன் மாலை. ஊற்றினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் படத்தையும் ஐயா படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஐயாவுக்குப் பின்னால் பெட்டி மாதிரி ஒன்று, அதில் பூ வேலை. நான் பார்த்த இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. யாருக்காவது தெரியுமா? கைப்பேசியில் எடுத்த நகலை இணைத்திருக்கிறேன்.


கானாடுகாத்தான் கேமரா | 3 ஜூன் 2025, இரவு 10.15

அண்ணே, சட்டத்தோடு, கண்ணாடியோடு எடுத்த படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டியூப்லைட்தான் தெரிகிறது. சட்டத்தைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நேர் மேலேயிருந்து எடுங்கள். முடிந்தால் ஸ்கேன் பண்ணுங்கள். பழைய சட்டம் ஓரத்தில் அரை அங்குலமாவது தின்றிருக்கும். அதில் ஏதாவது எழுதியும் இருக்கலாம். அட்டை ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்.


பள்ளத்தூர் ஆச்சி | 4 ஜூன் 2025, காலை 6.05

தம்பி, நான் ரங்கூனில் பிறந்தவள். 64-இல் கடையை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலில் வந்தோம். எனக்கு அப்போது எட்டு வயசு. நீங்கள் சொல்லும் சாமியை அப்பச்சி தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் முழுசாகப் பார்த்ததாக ஞாபகம் இல்லை, மூங்கில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. அப்படி இருக்க உங்கள் ஐயா முப்பதுகளில் அதை எப்படிப் பார்த்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எதிரில் உட்கார்ந்த சாமி ஒன்று உண்டே, பார்த்தீர்களா? பின்னால் மரத்தில் இழைத்த திருவாசி இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.


புதுவயல் ரயிலடி | 4 ஜூன் 2025, காலை 8.30

66 மீட்டர் எல்லாம் ஒரு பெரிசா? மோனிவா பக்கம் நிற்கும் புத்தர் 116 மீட்டர், 2008-இல் முடித்தார்கள், உள்ளே மாடி மாடியாக ஏறலாம். முதோன் பக்கம் படுத்திருப்பது 180 மீட்டர். பெரிய சிலை பார்க்கத்தான் போனீர்கள் என்றால் தப்பான இடத்துக்குப் போயிருக்கிறீர்கள்.

அப்புறம், புத்தரைப் பார்க்க விமானம் ஏற வேண்டுமா? ஆத்தூர் பக்கம் தியாகனூருக்குப் போங்கள், வயலுக்கு நடுவில் இருந்தவர். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டுக்கொண்டிருந்த சாமி புத்தர்தான் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.


மாத்தூர் வாத்தியார் | 4 ஜூன் 2025, மாலை 5.20

ஆச்சியின் ஞாபகம் சரி. சௌக்தாஜியில் முதல் சிலை 1907-இல் முடிந்தது. போ தா என்ற பெரிய தனவந்தர் செய்துவைத்தது. அந்த முகம் சாந்தமாக இல்லை என்று ஒரு குறை, வெயிலிலும் மழையிலும் சிதைந்தது ஒரு குறை. 1957-இல் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். இப்போது இருப்பதற்குக் கண் திறந்தது 1974-இல். ஆக, கொத்தமங்கலத்தான் பார்த்த முகத்தை அவருடைய ஐயா பார்த்திருக்கவே முடியாது.

'சௌக்' என்றால் பர்மிய மொழியில் ஆறு. ஆறடுக்குப் பெரியவர். ஆச்சி சொல்லும் எதிர்க்கோயில் ஙாதாஜி, ஐந்தடுக்குப் பெரியவர். அரிச்சுவடியோடு நாம் விட்டுவிட்ட ங-வுக்கு அங்கேதான் தினமும் வேலை.

படத்துக்கு என் ஊகம்: பெகு. இப்போது பகோ என்கிறார்கள், ரங்கூனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். அங்கே ஷ்வேதால்யாங் என்று ஒரு படுத்த புத்தர், 55 மீட்டர் நீளம், 16 மீட்டர் உயரம். மோன் அரசர் ஒருவர் கி.பி. 994-இல் செய்ததாகச் சொல்வார்கள். 1757-இல் பெகு சூறையாடப்பட்ட பிறகு அதைக் கவனிக்க ஆளில்லை. செங்கல் மேட்டின் மேல் மரம் வளர்ந்து, மரம் காடாகி, அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோனது. 1880 வாக்கில் ஆங்கிலேயர் ரயில் பாதை போட்டபோதுதான் அகப்பட்டது. 55 மீட்டர் சிலையை ஓர் ஊரே எப்படி மறக்கும் என்று கேட்காதீர்கள். நம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பாருங்கள், முப்பது வருஷம் போதும்.

பெகு புத்தரின் தலைமாட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கிய தலையணைகள் உண்டு, கண்ணாடிச் சில்லு பதித்தவை. அவை 1930-இல் சேர்த்தவை. உங்கள் படத்தில் இருக்கும் பூ வேலை அதுதானா என்று பாருங்கள்.

அளவுச் சண்டைக்கு: திருமயத்தில் குகைக்குள் படுத்திருக்கும் பெருமாள் எத்தனை மீட்டர் என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? அவர் பாம்பணையில் கிடக்கிறார், இவர் வலப்பக்கமாக ஒருக்களித்திருக்கிறார். படுத்த சாமி நம்மவர்களுக்குப் புதிதல்ல. அதனால்தான் முகல் தெரு ஆட்கள் அங்கே போய் நின்றபோது அந்நியமாக உணரவில்லை என்று நினைக்கிறேன்.


கொத்தமங்கலத்தான் | 5 ஜூன் 2025, இரவு 8.10

வாத்தியார் ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். சட்டத்தைக் கழற்றிவிட்டேன் (உள்ளே ஒரு பல்லி முட்டை, 1964-ஆம் வருஷத்து நாளிதழ்த் துண்டு). ஸ்கேன் இணைப்பில். ஐயாவின் வலது தோளுக்குப் பின்னால் தெரிவது பெட்டித் தலையணையின் மூலை. வட்டமாக ஒரு பூ, அதன் இதழ் ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கண்ணாடி. ஒரு சில்லில் வெளிச்சம் பட்டு வெள்ளையாகக் கொப்பளித்திருக்கிறது. அதைத்தான் இத்தனை வருஷமும் படத்தில் விழுந்த கறை என்று நினைத்தோம்.

கேமரா தம்பி சொன்னது போல ஓரத்தில் முக்கால் அங்குலம் மறைந்திருந்தது. எழுத்து எதுவும் இல்லை. இடது கீழ் மூலையில் ஓர் ஆளின் முழங்காலும் பாதி முகமும் இருக்கிறது. பர்மாக் கைலி, தலையில் துணி. தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2019 பயணத் திட்டத்தில் பெகு இருந்தது. காலையில் கிளம்பும்போது டூர்காரர், "அதுவும் இதே மாதிரி படுத்த புத்தர்தான் சார், போக வர நாலு மணி நேரம் வீண்" என்று சொல்லி அதை எடுத்துவிட்டு, ஒரு நகைக்கல் கடையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார். நானும் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியவன் நான்தான்.


தேக்கு | 5 ஜூன் 2025, இரவு 9.00

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனக்குப் பழஞ்சாமான் கடை. இந்த மாதிரிப் படங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். பர்மா மரவை, அரக்குக் கூஜா, மாண்டலே வெள்ளைக் கல்லில் சின்ன புத்தர், கூடவே செட்டியார் நிற்கிற படம். சாமான் விலைபோகும், படத்தை யாரும் கேட்க மாட்டார்கள். சட்டத்துக்காக வாங்கிப் படத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. நீங்கள் பத்திரமாக வைத்திருப்பதே பெரிது.

ஒரு வேடிக்கை. கல் புத்தரை விற்க வந்த ஓர் ஆச்சி, "இதுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பூப் போட்டிருக்கோம், வாங்குறவங்களும் போடணும்" என்று நிபந்தனை வைத்தார்கள். வாங்கியவர் பெங்களூர்க்காரர், ஓட்டல் வரவேற்பறைக்கு. போடுகிறாரோ என்னவோ.


புதுவயல் ரயிலடி | 6 ஜூன் 2025, காலை 7.45

எல்லாம் உருக்கமாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பதுகளில் ஒரு வட்டிக்கடை மேலாள் ரங்கூனிலிருந்து பெகுவுக்கு எதற்குப் போவார்? சாமி கும்பிடவா? அந்தப் பக்கம் முழுக்க நெல் வயல். கடன் வாங்கிய பர்மாக்காரன் நிலத்தை எழுதிக் கொடுத்த காலம் அது. என் கொள்ளுத்தாத்தா உங்கள் மாதிரி ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர், அவர் சொன்ன கதைகளில் கோயிலைவிடக் கோர்ட்டுதான் அதிகம்.


நெறியாளர் | 6 ஜூன் 2025, காலை 9.00

கேள்வி நியாயமானது, இருக்கட்டும். சாதியை இழுத்துப் பேசும் பதிவுகள் வந்தால் மட்டும் நீக்குவேன். இரண்டை ஏற்கெனவே நீக்கியாயிற்று.


மாத்தூர் வாத்தியார் | 6 ஜூன் 2025, மாலை 6.30

ரயிலடி கேட்டதைத் தட்டிக்கழிக்க முடியாது.

1930 வாக்கில் எடுத்த வங்கி விசாரணையில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்கு. கொடுத்திருந்த கடன் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். நிலம் வாங்குவது அவர்கள் தொழில் அல்ல. பணம் சுற்ற வேண்டும், அதுதான் தொழில். நிலம் கைக்கு வந்தால் பணம் மண்ணில் புதைந்த மாதிரி. ஆனால் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடனாளியால் வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானம் மூழ்கியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையிலிருந்த சாகுபடி நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் 25 பங்கு. ஏழு வருஷத்தில் கால்வாசி! பெகுவும் அந்த 13-இல் ஒன்று.

சட்டப்படி சரிதான் என்று நம்மவர்கள் சொன்னார்கள். அந்த மண்ணில் உழுதவனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பதற்குப் பேரேட்டில் பத்தி கிடையாது. பின்னால் நிலமும் போனது, கடைகளும் போயின. அந்தக் கதையைத்தான் நாம் அதிகம் சொல்கிறோம்.


பள்ளத்தூர் ஆச்சி | 7 ஜூன் 2025, காலை 6.20

வாத்தியார் சொல்வது சரியாக இருக்கலாம். எங்கள் அப்பச்சி கொடுத்துவைத்ததும் போனதும் எனக்குத் தெரியும். பர்மாக்காரி ஒருத்தி எங்கள் வீட்டில் என்னை வளர்த்தாள், கவுனி அரிசி வேகவைத்துத் தேங்காய்ப்பூ போட்டுத் தருவாள். கப்பல் ஏறும் நாளில் துறைமுகம் வரை வந்தாள். அவள் அண்ணன் நிலமும் இப்படிப் போனதுதான் என்று ஆத்தா ரொம்ப நாள் கழித்து எனக்குச் சொன்னார்கள். அது தெரிந்துதான் அவள் எங்களிடம் வேலைக்கு வந்தாளா என்று கேட்டேன். ஆத்தா பதில் சொல்லவில்லை, கவுனியைக் களைந்துகொண்டிருந்தார்கள்.


கண்டனூர் மருமகள் | 7 ஜூன் 2025, மதியம் 1.15

இழையைப் படித்ததும் போக ஆசையாக இருக்கிறது. வரும் மார்கழி லீவில் பெகு போய் வரலாமா? பெண்களுக்குக் கட்டுப்பாடு உண்டா?


கொத்தமங்கலத்தான் | 7 ஜூன் 2025, மாலை 4.00

தங்கச்சி, இப்போது வேண்டாம் என்பேன். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து பல பக்கம் சண்டை. போதாததற்கு இந்த வருஷம் மார்ச் 28-இல் வந்த 7.7 அளவு நிலநடுக்கம் மாண்டலே, சகாயிங் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது. நிலைமை தெளிந்த பிறகு போங்கள்.

போகும்போது: தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. செருப்பைக் கையில் எடுத்துப் போக ஒரு துணிப்பை. மதிய வெயிலில் வெளித்தளத்துக் கல் கால் வைக்க முடியாமல் சுடும், காலையிலேயே போய்விடுங்கள். படுத்த புத்தரிடம் பெண்களுக்குத் தடை எதையும் நான் பார்க்கவில்லை. மாண்டலே மகாமுனி கோயிலில் மட்டும் சிலைக்குப் பக்கத்தில் போய்ப் பொன்தாள் ஒட்டுவது ஆண்கள்தான். பெண்கள் வெளியே உட்கார்ந்து கும்பிட வேண்டும். எங்களோடு வந்த ஆச்சி ஒருவர் அதற்காக வழிகாட்டியிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார்.


கொத்தமங்கலத்தான் | 15 ஜூன் 2025, இரவு 10.50

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ரயிலடி தம்பியின் கேள்வி தூங்கவிடவில்லை. ஐயா கொண்டுவந்த செலவுச் சிட்டைகளைப் பெட்டகத்திலிருந்து எடுத்தேன். எனக்கு அந்தக் கூட்டெழுத்து ஓடாது. எண்ணெல்லாம் தமிழ் எண். எங்கள் ஊர்ப் பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இரண்டு நாள் உட்கார்ந்தார். யுவ வருஷம் மாசி மாதம் (1936) ஒரு நாளின் கீழே இப்படி இருக்கிறது (ரூபாய்-அணா-பைசா):

பெகு போகவர ரயில் சத்தம் 3-2-0
நிலம் பார்க்க மாட்டுவண்டி 2-0-0
நிலம் காட்டிய ஆளுக்கு 1-0-0
பெரியசாமிக்கு எண்ணெய், பூ 0-3-0
படம் பிடித்த வகை 1-8-0
ஆக 7-13-0

அந்த வாரத்துப் பேரேட்டில், கடன் நேர் செய்த வகையில் 40 ஏக்கர் வரவு. எழுதிக் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. இங்கே போட மனம் வரவில்லை.

ரயிலடி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். இரண்டுக்கும்தான் போயிருக்கிறார், ஒரே நாளில். எது முதலில் என்று சிட்டை சொல்கிற வரிசையில், நிலம் பார்த்துவிட்டுத்தான் சாமி. அப்பத்தாவுக்கு இது தெரியுமா என்று யோசிக்கிறேன். பெகு என்ற பெயரே வீட்டில் அடிபடாமல், 'ரங்கூன் சாமி' என்று ஆனது எப்படி என்றும்.


புதுவயல் ரயிலடி | 15 ஜூன் 2025, இரவு 11.20

அண்ணே, இதைத் தேடி எடுத்துப் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை.

மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆள்?


கொத்தமங்கலத்தான் | 16 ஜூன் 2025, காலை 6.00

அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு நிலம் காட்டியவராக இருக்கலாம். வண்டிக்காரராக இருக்கலாம். எழுதிக் கொடுத்தவரே கூட வந்திருக்கலாம். சாமி கும்பிட வந்து உட்கார்ந்த யாரோ ஒருவராகவும் இருக்கலாம். முகம் பாதிதான், அதுவும் அவர் ஐயாவைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. தலையணைக்கு மேலே, படத்துக்கு வெளியே எங்கேயோ பார்க்கிறார்.


கானாடுகாத்தான் கேமரா | 16 ஜூன் 2025, காலை 9.30

தலையணைக்கு மேலே இருப்பது சாமியின் முகம்தான் அண்ணே.


கொத்தமங்கலத்தான் | 22 ஜூன் 2025, மாலை 7.15

படத்துக்குப் புதுச் சட்டம் போட நேற்று காரைக்குடிக்குப் போனேன். கடைக்காரர் அளவெடுத்துவிட்டு, "ஓரத்துல இந்த ஆள் பாதியா வர்றாரு, அசிங்கமா இருக்கு, பழைய மாதிரியே மறைச்சிடவா?" என்றார். வேண்டாம், முக்கால் அங்குலம் சேர்த்தே போடுங்கள் என்றேன். 650 ரூபாய். நிலைக்கு மேலே பழைய ஆணியில் கொள்ளவில்லை, வேறு ஆணி அடித்திருக்கிறேன்.